வாடகை வீடும் வண்ணப் படமும்

கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிறவர்கள் ஜாதகத்தோடு போட்டோவும் அனுப்பச் சொல்லிக் கேட்பது நெடுநாளைய வழக்கம். போட்டோவைப் பார்த்துத் திருப்தி ஏற்பட்ட பிறகுதான் சொஜ்ஜியும் பஜ்ஜியும் சாப்பிடப் புறப்படுவார்கள். இப்பொழுது வீடுகளுக்கும் அந்தக் கதி வந்து சேர்ந்திருக்கிறது. இரண்டு நாள் தங்க ஓர் இடம் வேண்டும் என்பவர் முன்போல் ஊருக்கு வந்து, திண்ணையில் உட்கார்ந்திருப்பவரை விசாரித்து, சாவி வாங்கிக் கதவைத் திறந்து பார்ப்பதில்லை. திருநெல்வேலியிலோ தில்லியிலோ இருந்தபடி கைக்குள் அடங்கும் செல்போனில் வீட்டின் படத்தைப் பார்க்கிறார். பிடித்திருந்தால் பணத்தைக் கட்டுகிறார். பிடிக்காவிட்டால் கட்டை விரலால் ஒரு தள்ளு! அவ்வளவுதான், அந்த வீட்டின் ஜாதகம் முடிந்து விட்டது.

வீட்டில் ஓர் அறையோ ஒரு மாடியோ சும்மா கிடக்கிறது, அதை நாள் வாடகைக்கு விடலாமா என்று யோசிக்கும் குடும்பங்கள் நம் நாட்டில் பெருகி வருகின்றன. மத்திய சுற்றுலா அமைச்சகமும் இத்தகைய வீடுகளுக்கென்று ஒரு திட்டம் வைத்திருக்கிறது. வீட்டுக்காரர் தாமும் அங்கே குடியிருந்துகொண்டு 1 முதல் 6 அறைகள் வரை விருந்தாளிகளுக்கு விடலாம். வெள்ளி, தங்கம் என்று இரண்டு தரமும் உண்டு. ஆனால் தரம் எதுவானாலும், வருகிறவர் முதலில் காண்பது படத்தைத்தான். தொழில்முறைப் போட்டோக்காரரை வரவழைக்க எல்லாராலும் முடியாது. செல்போன் இருக்கிறது, பிடிக்கக் கை இருக்கிறது, எப்படிப் பிடிப்பது என்பதுதான் தெரியவில்லை. அத்தகைய நேயர்களுக்காக இவ்வாரம் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

சாலையோரத்து ஊர்

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் நெடுஞ்சாலையில், படப்பையைத் தாண்டி ஒரகடத்துக்குப் போகும் வழியில் சேரப்பணஞ்சேரி என்ற கிராமம் இருக்கிறது. ஏரியும் வயலுமாக இருந்த பிரதேசம் அது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் மோட்டார்த் தொழிற்சாலை திறந்தது. 2012-இல் டெய்ம்லர் லாரித் தொழிற்சாலையும், 2013-இல் ராயல் என்பீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையும் வந்தன. அவற்றுக்கு உறுப்புகள் செய்து தரும் சிறு தொழிற்சாலைகளோ அநேகம். ஆகவே இந்தச் சாலையில் எப்பொழுதும் யாராவது வந்துகொண்டேயிருக்கிறார்கள். புது இயந்திரத்தைப் பூட்டிக் கொடுக்க வரும் இஞ்சினீயர் பத்து நாள் தங்குகிறார். ராமாநுஜர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூரையும் காஞ்சியையும் சேர்த்துத் தரிசிக்க வரும் குடும்பம் ஓர் இரவு தங்குகிறது. தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பெண்ணைப் பார்த்துப் போகத் தெற்கேயிருந்து வரும் தாய் தகப்பனார் சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை பஸ் ஏறுகிறார்கள். ஹோட்டல் வாடகை அவர்களுக்குக் கட்டாது. ஓர் அடுப்பும் ஒரு கட்டிலும் உள்ள வீடு கிடைத்தால், பெண்ணுக்கு இரண்டு வேளை தங்கள் கையால் சமைத்துப் போடலாம் என்று நினைக்கிறார்கள்.

தங்கும் அறை என்பது இந்தப் பிரதேசத்தில் லேசான விஷயம் அல்ல. 2021 டிசம்பரில், ஸ்ரீபெரும்புதூர் அருகே உள்ள மின்னணுத் தொழிற்சாலை ஒன்றின் பெண் தொழிலாளர்கள், விடுதிச் சாப்பாட்டால் பலர் நோயுற்றதைக் கண்டு கொதித்து நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். நெருக்கடியான அறைகளைப் பற்றியும் அப்பொழுதுதான் வெளியுலகம் கேள்விப்பட்டது. பிறகு 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கக் கூடிய விடுதிக் கட்டடங்கள் திறக்கப்பட்டன. அறை எப்படி இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்காமல் நம்பி வந்து தங்குகிறவர்களின் கஷ்டம் இந்தச் சாலைக்கு நன்றாகத் தெரியும். நாம் எடுக்கப் போகும் படத்தின் பொறுப்பும் அதிலிருந்துதான் பிறக்கிறது.

நியூயார்க் நகரத்தில் இரண்டு படக் கதைகள்

அறையைப் படம் பிடிப்பதால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு, நியூயார்க் நகரத்தில் நடந்த இரண்டு சம்பவங்களைச் சொல்லலாம்.

டென்மார்க்கிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய ஜேக்கப் ரீஸ் என்பவர் பத்திரிகை நிருபர். ஏழைகள் அடைந்து கிடந்த வாடகைக் கட்டடங்களுக்குள் இரவில் புகுந்து, அப்பொழுது புதிதாக வந்திருந்த மக்னீஷிய வெடிவெளிச்சத்தில் படம் பிடித்தார். அவற்றையும் தாம் கண்டவற்றையும் சேர்த்து 1890-இல் புத்தகமாக வெளியிட்டார். ஜன்னலே இல்லாத அறைகளைக் கண்டு நகரத்துக் கனவான்கள் திடுக்கிட்டார்கள். 1901-இல் வந்த வாடகைக் கட்டடச் சட்டம், புதிதாகக் கட்டும் வீடுகளின் அறைகளுக்கு வெளிச்சமும் காற்றும் வேண்டும் என்று விதித்தது. பலர் பாடுபட்டதன் பலன் அது. அவர்களில் ரீஸின் காமிராவுக்கும் பங்கு உண்டு.

இரண்டாவது கதை நம் காலத்தது. 2007-இல் ஸான்பிரான்ஸிஸ்கோ நகரத்தில், வீட்டு வாடகை கட்ட வழியில்லாமல் தவித்த இரண்டு இளைஞர்கள், தங்கள் கூடத்தில் காற்றடைத்த மெத்தைகளைப் போட்டு மூன்று விருந்தாளிகளைத் தங்க வைத்தார்கள். இன்னொரு நண்பரும் சேர, மறு வருஷம் ஏர்பிஎன்பி என்ற ஸ்தாபனம் தோன்றியது. 2009-இல் அதற்கு வாரத்துக்குச் சுமார் 200 டாலர்தான் வருமானம். ஏன் இப்படி என்று யோசித்துப் பார்த்தபோது, நியூயார்க்கில் வீடு விட்டவர்கள் போட்டிருந்த படங்கள் யாவும் மங்கலாகவும் கோணலாகவும் இருப்பது தெரிந்தது. உடனே நல்ல காமிரா ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு அந்நகரத்துக்குப் போய், வீடு வீடாக ஏறித் தாங்களே படம் பிடித்தார்கள். சில நாளில் வாராந்தர வருமானம் இரட்டித்தது. அவர்களும் தொழில்முறைப் படக்காரர்கள் அல்லர் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

ஒருவர் அறையின் குறையைக் காட்டினார். மற்றவர்கள் நிறையைக் காட்டினார்கள். இரண்டும் பலித்ததற்குக் காரணம், இரண்டிலும் அறை உள்ளபடி தெரிந்ததுதான்.

ஐந்து படங்கள்

சேரப்பணஞ்சேரியில் நமக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று உண்டு. வீட்டுக்காரர் கூட்டுறவுச் சங்கத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். பாங்கியில் கடன் வாங்கி மாடி எடுத்தார். மாதவாடகைக்கு இருந்த இரண்டு இஞ்சினீயர்களும் ஒப்பந்தம் முடிந்து போய்விட்டார்கள். கடன் தவணை மட்டும் ஒப்பந்தம் முடியாமல் மாதந்தோறும் வந்துகொண்டிருந்தது. கோயம்புத்தூரிலிருக்கும் பிள்ளை, “நாள் வாடகைக்கு விடுங்கள், அப்பா” என்று யோசனை சொன்னான். உறவுக்காரப் பையன் ஒருவன் ஓர் இரவு வந்து ஐந்து படங்கள் பிடித்துக் கொடுத்தான்.

அந்தப் படங்களை நாம் பார்த்தோம். முதல் படத்தில் கட்டில் இருந்தது. கட்டிலின்மேல் ஈரத் துண்டு ஒன்று இருந்தது. இரண்டாவது படத்தில் நிலைக்கண்ணாடி. அதற்குள்ளே லுங்கி கட்டிக்கொண்டு பையன் நின்றான். மூன்றாவது படம் ஒரே இருட்டு. அது சமையலறை என்று அவர்கள் சொன்னதால் நம்பினோம். நான்காவதில் சுவர் வலப்புறமாகச் சாய்ந்து விழப் பார்த்தது. ஐந்தாவது, வாசலில் நின்ற மோட்டார் சைக்கிளின் படம்; பின்னால் கொஞ்சம் வீடும் தெரிந்தது. இரண்டு மாதத்தில் ஒரே ஒருவர்தான் வந்து தங்கினார் என்றார்கள். அந்த ஒருவர் எதைப் பார்த்து வந்தார் என்பதுதான் நமக்கு ஆச்சரியம்.

நாம் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் போதிக்கிறோம். ஒளியையும் லென்ஸையும் பற்றி வருஷந்தோறும் பாடம் நடத்துவதால், விடுமுறை நாள் ஒன்றில் அங்கே போய் மறுபடியும் படம் பிடித்துக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டோம். அன்று கையாண்ட முறைகளையே இனி வரிசையாகச் சொல்லுகிறோம்.

முதற் கருவி துடைப்பம்

காமிராவைத் தொடுவதற்கு முன் துடைப்பத்தைத் தொட வேண்டும். நம் கண் பழகிய பொருள்களைப் பார்ப்பதில்லை. மூன்று வருஷமாகக் கதவில் தொங்கும் பை நமக்குத் தெரிவதே இல்லை. காமிராவுக்கோ பழக்கமும் இல்லை, தாட்சண்யமும் இல்லை. ஆகையால் முதலில் ஒரு படம் எடுத்து, அதைப் பிறத்தியார் வீட்டுப் படம்போல் பாருங்கள். எது கண்ணை உறுத்துகிறதோ அதை அப்புறப்படுத்துங்கள். போன வருஷத்துக் காலண்டர், சார்ஜர் கம்பிகள், மருந்துச் சீட்டு, பிளாஸ்டிக் குடம், கொடியில் காயும் துணி, காஸ் சிலிண்டருக்குப் பின்னால் செருகிய பழைய செய்தித்தாள், இவையெல்லாம் வெளியேற வேண்டியவை. பாத்ரூமில் தரை உலர்ந்திருக்க வேண்டும். பக்கெட்டும் மக்கும் கவிழ்ந்து கிடக்காமல் ஓரமாக நிற்க வேண்டும். மேல்நாட்டுக் கழிப்பிடமானால் மூடி மூடியிருக்க வேண்டும்.

வீட்டாரின் குடும்பப் படங்கள், பிள்ளைகளின் படங்கள், மின்கட்டண அட்டை, வண்டியின் நம்பர், சாவிக் கொத்து முதலியன படத்தில் விழலாகாது. உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கப் போகும் படம் அது.

எல்லாவற்றையும் அகற்றி அறையை மொட்டையாக்கிவிடவும் கூடாது. ஆஸ்பத்திரி வார்டுபோல் இருந்தால் யாருக்குத் தங்க மனம் வரும்? கட்டிலுக்குச் சுருக்கமில்லாத வெள்ளை விரிப்பு, கால்மாட்டில் மடித்து வைத்த சென்னிமலைப் போர்வை, ஜன்னலோரம் ஒரு பத்தமடைப் பாய், மேஜையில் பித்தளைச் செம்பும் தம்ளரும், வாசலில் ஒரு கோலம், இவை போதும். இவற்றில் எதையும் புதிதாக வாங்க வேண்டிய அவசியமில்லை; நம் வீடுகளில் பரண்மேல் இருப்பவைதாம். படத்துக்காக வைத்த பொருளை விருந்தாளி வரும்போதும் அதே இடத்தில் வைக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

வெளிச்சம்

இரவில் ட்யூப்லைட்டைப் போட்டுப் படம் பிடிப்பதே பெரும்பாலான குறைகளுக்கு மூலம். வீட்டைப் பகலில் பிடியுங்கள். ஆனால் பகலிலும் எந்த நேரம் என்பதை வீடு இருக்கும் திசை நிர்ணயிக்கிறது. கிழக்குப் பார்த்த வீட்டின் முகப்பைக் காலையிலும் மேற்குப் பார்த்த முகப்பை மாலையிலும் எடுக்க வேண்டும். உள்ளறைகளுக்கு, வெயில் நேராக உள்ளே விழாத நேரமே உத்தமம். வெயில் ஒரு பட்டையாகத் தரையில் விழுந்தால் அந்த இடம் வெளுத்துப்போய் மற்ற இடம் கறுத்துவிடும்.

நம் பிரதேசம் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 13 பாகையில் இருக்கிறது. அதனால் ஆனி மாதத்தில் உச்சிவேளைச் சூரியன் நம் தலைக்குச் சற்று வடக்கே நிற்கிறான். மார்கழியிலோ தெற்கே சாய்ந்து, உச்சிவேளையிலும் ஏறக்குறைய 55 பாகை உயரத்தில்தான் நிற்கிறான். தெற்கு ஜன்னல் உள்ள அறைக்குள் மார்கழி வெயில் தாராளமாக நுழையும். அதே அறையில் ஆனி மாதத்து உச்சிப்பொழுதில் மிருதுவான வெளிச்சம்தான் இருக்கும். வீட்டுக்காரர் ஒருநாள் முழுவதும் ஒவ்வோர் அறையிலும் வெளிச்சம் எப்படி நகருகிறது என்று கவனித்துக் குறித்துக்கொண்டால், எந்த அறையை எப்பொழுது பிடிப்பது என்பதில் சந்தேகமே இராது.

வெயில் உக்கிரமாக இருந்தால் ஒரு வெள்ளை மல் வேஷ்டியை ஜன்னலுக்குக் குறுக்கே கட்டுங்கள். வெளிச்சம் சல்லடையில் சலித்த மாவுபோல் அறை முழுவதும் ஒரே சீராகப் பரவும். எதிர் மூலை இருட்டாயிருந்தால் இன்னொரு வேஷ்டியைப் படத்தில் விழாத இடத்தில் விரித்துப் பிடியுங்கள். ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி மூலைக்குப் போகும். தொழிற்காரர்கள் விலை கொடுத்து வாங்கும் உபகரணங்கள் செய்யும் வேலையை இரண்டு வேஷ்டிகள் செய்துவிடுகின்றன.

பகல் வெளிச்சத்தோடு மஞ்சள் பல்பின் வெளிச்சத்தைக் கலக்காமல் இருப்பது நலம். வெளிச்சத்தின் நிறத்தை கெல்வின் என்ற அளவால் சொல்வார்கள். நடுப்பகல் வெளிச்சம் சுமார் 5,500 கெல்வின். மஞ்சள் பல்பு சுமார் 2,700. நம் மூளை இரண்டையும் வெள்ளை என்று சமாதானம் செய்துகொள்ளும். காமிரா அப்படிச் செய்யத் தெரியாமல் ஒரு சுவரை நீலமாகவும் மறு சுவரை மஞ்சளாகவும் காட்டும். விளக்கைப் போட்டே தீர வேண்டிய அறையானால், எல்லா விளக்கும் ஒரே நிறமாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். விளக்கொளியில் எடுத்த படத்தில் சில சமயம் கறுப்புப் பட்டைகள் குறுக்கே ஓடும். நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுற்றுச் சுற்றுவதால் சில விளக்குகள் விநாடிக்கு 100 முறை மங்கித் துலங்குகின்றன. அதன் விளைவே அது. காமிராவின் நேர அளவை விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கோ நூறில் ஒரு பங்கோ வைத்தால் பட்டைகள் மறையும்.

ஜன்னலுக்கு நேர் எதிரே நின்று பிடிக்காதீர்கள். ஜன்னல் மட்டும் தீயாய் எரிந்து அறை குகையாகிவிடும். ஜன்னலைப் பக்கவாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னலுக்கு வெளியே ஏரி தெரிகிறது, அதையும் காட்டியாக வேண்டும் என்றால், செல்போனின் திரையில் ஜன்னலுள்ள இடத்தைத் தொட்டு வெளிச்சத்தைச் சற்றுக் குறையுங்கள். வெளிச்சம் கூடியும் குறைந்தும் சில படங்களைத் தானே எடுத்து ஒன்றாய்ச் சேர்க்கும் வசதி இக்காலத்துச் செல்போன்களில் இருக்கிறது, அதையும் உபயோகிக்கலாம்.

நிற்கும் இடம்

முதலில் லென்ஸைத் துடையுங்கள். எண்ணெய்க் கையால் தொட்ட லென்ஸ் வழியாகப் பார்த்தால் எந்த மாளிகையும் மூடுபனியில் மறைந்துவிடும். ஏ.ஸி. அறையிலிருந்து வெளியே வந்தவுடனும் லென்ஸில் ஆவி படியும். சில நிமிஷம் பொறுத்திருக்க வேண்டும்.

அறையின் ஒரு மூலையிலோ வாசற்படியிலோ நில்லுங்கள். இரண்டு சுவர்களும் அவை கூடும் மூலையும் தெரிந்தால் அறையின் அளவு பார்ப்பவர் மனத்தில் பதியும். செல்போனைத் தலைக்குமேல் தூக்க வேண்டாம். தரையிலிருந்து சுமார் 4 அடி உயரத்தில், மார்புக்கு நேராகப் பிடியுங்கள். சமையலறையில் மேடைக்குச் சற்று மேலே இருக்கட்டும். எல்லாவற்றிலும் முக்கியம், போனை முன்னும் பின்னும் சாய்க்காமல் செங்குத்தாகப் பிடிப்பது. சாய்த்தால் சுவர்கள் ஒன்றை நோக்கி ஒன்று விழும். திரையில் கட்டங்கள் தெரியும்படி செய்துகொண்டு, கதவின் நிலையைக் கட்டத்தின் கோட்டோடு பொருத்திப் பார்த்தால் கோணல் தெரிந்துவிடும். போனைக் குறுக்குவாட்டில் பிடிப்பது பொதுவாக நல்லது. கை நடுங்குகிறவர்கள் ஸ்டூலின்மேல் புத்தகங்களை அடுக்கிப் போனைச் சாய்த்து வைத்து, மூன்று விநாடி தாமதித்து எடுக்கும்படி திருகிவிடலாம். நிலைக்கண்ணாடிக்கு நேரே நில்லாமல் பக்கவாட்டில் நின்றால், உங்களுடைய திவ்ய தரிசனம் விருந்தாளிக்குக் கிடைக்காமல் தப்பும்.

பல போன்களில் மிக அகன்ற லென்ஸ் ஒன்றும் உண்டு. அதைப் போட்டால் பத்தடி அறை இருபதடியாகத் தோன்றும். ஓரத்தில் உள்ள தலையணை நீண்டு திண்டு ஆகிவிடும். வழி இருக்குமானால் இரண்டடி பின்னே நகர்ந்து, வாசலுக்கு வெளியே நின்று, சாதாரண லென்ஸிலேயே எடுங்கள். மிகச் சிறிய பாத்ரூமுக்கு மட்டும் அகன்ற லென்ஸை உபயோகிக்கலாம்.

வீட்டின் முகப்புக்கு இன்னொரு நல்ல நேரம் உண்டு. சூரியன் அஸ்தமித்துக் கால் மணி நேரம் கழித்து, வானம் கருநீலமாக இருக்கையில், உள்ளே விளக்கேற்றி வைத்து வெளியிலிருந்து எடுத்தால், வீடு வழிப்போக்கரை வாவென்று அழைக்கும். இருபது நிமிஷத்துக்குள் இருட்டிவிடுமாகையால் முன்கூட்டியே இடம் பார்த்து வைத்திருக்க வேண்டும்.

எத்தனை, எந்த வரிசை?

பதினைந்து படங்கள் போதுமானவை. ஒரே கட்டிலை எட்டுக் கோணத்தில் காட்டினால் பார்ப்பவருக்குச் சந்தேகம் வரும். அந்த வீட்டுக்கென்று உள்ள சிறப்பு எதுவோ அது முதலில் வரட்டும். சேரப்பணஞ்சேரி வீட்டில் அது மாடித் தாழ்வாரம். அங்கே இரண்டு நாற்காலிகளைப் போட்டு, காலை வெளிச்சத்தில் எடுத்தோம். பிறகு படுக்கையறை, சமையலறை, பாத்ரூம், மாடிப்படி, தெருவிலிருந்து வாசல், வண்டி நிறுத்தும் இடம் என்று, ஒருவர் வீட்டுக்குள் நடந்து வரும் கிரமத்தில் அடுக்கினோம்.

வருகிறவர் யார் என்று யோசித்துச் சிறு படங்களும் சேர்க்க வேண்டும். இஞ்சினீயருக்கு எழுதும் மேஜையும், அதன் அருகில் மின் இணைப்பும் இருப்பது தெரிய வேண்டும். தகப்பனாரை அழைத்து வருகிறவர்களுக்குக் கழிப்பிடம் எந்த மாதிரி, படி எத்தனை என்பது தெரிய வேண்டும். சமைக்க எண்ணுகிறவர்களுக்குப் பாத்திரங்களும் குடிநீர் ஏற்பாடும் தெரிய வேண்டும். ஒவ்வொரு படத்தின் கீழும் ஒரு வரி எழுதுங்கள். ‘அழகிய படுக்கையறை’ என்று எழுதுவதில் பிரயோஜனமில்லை. ‘இரண்டு பேர் படுக்கும் கட்டில், கிழக்கு ஜன்னல், இன்வெர்ட்டர் உண்டு’ என்று எழுதினால் அதில் விஷயம் இருக்கிறது.

மேகம் தீட்டலாமா?

1850-களில் சென்னை ராஜதானியின் அரசாங்கப் படக்காரராக இருந்தவர் லினேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி. மதுரை, தஞ்சாவூர் முதலிய இடங்களை அவர் எடுத்த படங்கள் பெயர் பெற்றவை. 1858-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்துக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒட்டி இணைத்தார். அக்காலத்து முறையில் ஆகாயம் படத்தில் சரியாக விழாது. ஆகையால் சில படங்களின் மூலப் பிரதியில் அவரே வர்ணத்தால் மேகங்களைத் தீட்டினார். ஆனால் கல்வெட்டில் ஓர் எழுத்தைக்கூட அவர் தீட்டிச் சேர்த்ததாக யாரும் சொல்லவில்லை. இந்த எல்லையை நாமும் கைக்கொள்ளலாம். மங்கலாக விழுந்த படத்தைச் சற்று வெளுப்பாக்கலாம், சாய்ந்த சுவரை நிமிர்த்தலாம், நிறத்தைச் சரிசெய்யலாம். இல்லாத ஜன்னலை உண்டாக்கக் கூடாது.

இக்காலத்தில் இதைச் சொல்வது அவசியமாகிவிட்டது. வெறும் அறையின் படத்தைக் கொடுத்தால் அதில் சோபாவும் தோட்டமும் நீச்சல் குளமும் சேர்த்துக் கொடுக்கும் செயற்கை அறிவு யந்திரங்கள் செல்போனுக்குள்ளேயே வந்துவிட்டன. சேரப்பணஞ்சேரி வீட்டுக்கு எதிரே உள்ள காலி மனையைப் புல்வெளியாக மாற்றித் தருவதாக அந்த உறவுக்காரப் பையனே முன்வந்தான். வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் சபலந்தான். 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், ஏமாற்றும் விளம்பரத்தைக் குற்றமாகக் கொள்கிறது என்பதை எடுத்துச் சொன்னோம். அந்த அம்மாள் அதற்குள், “புல்வெளி எங்கே என்று கேட்டால் நானா ஸார் வாசலில் நின்று பதில் சொல்வது?” என்று கேட்டார். சட்டத்தைவிட அந்தக் கேள்வியே நன்றாக வேலை செய்தது.

ஆனால் மாடிப்படியின் படத்தைப் போடுவதில் அந்த அம்மாளுக்கும் இஷ்டம் இல்லை. பதினேழு படிகள்; செங்குத்து; அப்பொழுது கைப்பிடியும் கிடையாது. “இதைப் பார்த்தால் வருகிறவர்களும் வரமாட்டார்களே, ஸார்” என்றார். “வரமுடியாதவர்கள் வந்து நிற்பதைவிட அது நல்லது, அம்மா” என்று சொல்லிப் படத்தைச் சேர்த்தோம். கீழே, ‘17 படி, கைப்பிடி இல்லை, இரவில் சாலையில் லாரிச் சத்தம் கேட்கும்’ என்றும் எழுதினோம்.

மூன்றாவது வாரம் தூத்துக்குடியிலிருந்து ஒருவர் போனில் பேசினார். ஒரகடத்தில் வேலை பார்க்கும் மகளைப் பார்க்க மனைவியோடு வருகிறார், முழங்கால் வலி, மாடி ஏற முடியாது, படத்தைப் பார்த்ததால் கேட்கிறேன், கீழே ஏதாவது இடம் உண்டா என்றார். வீட்டுக்காரர்கள் யோசித்துப் பார்த்துக் கீழறையை அவர்களுக்குக் கொடுத்துத் தாங்கள் இரண்டு இரவும் மாடியில் படுத்துக்கொண்டார்கள். அந்தப் பெண் இரவு ஷிப்ட் முடிந்து காலையில் வந்தபோது, தாயார் அடுப்பில் தோசை வார்த்துக்கொண்டிருந்தாராம். மாடிப்படியின் படம் இல்லாதிருந்தால், பத்து மணி இரவில், மூட்டை முடிச்சோடு, அந்தப் பெரியவர் படியின் கீழே நின்று அண்ணாந்து பார்த்திருப்பார். மகளைப் பார்க்க வந்த இரண்டு நாளும் அந்தக் கசப்பிலேயே கழிந்திருக்கும். அவர்கள் ஊருக்குத் திரும்பிய பிறகு எழுதிய நற்சாட்சியைப் பார்த்து வேறு மூன்று குடும்பங்கள் வந்தன. அந்த வரும்படியில் வீட்டுக்காரர் முதலில் செய்த செலவு மாடிப்படிக்கு இரும்புக் கைப்பிடி போட்டதுதான். நான்காவது மாதம் முதல் தவணைத் தேதிக்குக் கையைப் பிசைய வேண்டியிருக்கவில்லை என்று அறிகிறோம்.

இன்னும் இரண்டு விஷயம்

அந்நிய நாட்டார் யாரேனும் தங்க வந்தால், அவர் வந்த 24 மணி நேரத்துக்குள் குடியேற்ற அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. தொழிற்சாலைகளுக்குக் கொரியரும் ஜப்பானியரும் வந்துபோகும் இந்தச் சாலையில் வீடு விடுகிறவர்கள் இதை மறக்கலாகாது.

மற்றொன்று, படங்களுக்கும் வயது உண்டு. சுவரில் ஈரம் பூத்த பிறகும், விரிப்பு சாயம் போன பிறகும், மூன்று வருஷத்துக்கு முந்திய படத்தையே காட்டிக்கொண்டிருந்தால் அதுவும் பொய்யாகவே முடியும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் வீடுகள் வெள்ளையடித்த கையோடு புதுப் படம் எடுத்துவிடலாம். தை மாதத்து வெளிச்சமும் அதற்கு அநுகூலமாகவே இருக்கும். சேரப்பணஞ்சேரியில் கைப்பிடி போட்ட மாடிப்படியை இன்னும் படம் எடுக்கவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, படியில் வெளிச்சம் விழும் நேரத்தில், போவதாகச் சொல்லியிருக்கிறோம்.